ஊருக்கு வந்தா பிள்ளைங்ககிட்ட 'வாட் இஸ் யுவர் நேம்'னு கேக்காதீங்க

பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ நகரத்துல இருந்து ஊருக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கார்ல இருந்து இறங்கி, ஒரு சொம்பு தண்ணி குடிச்ச கையோட, தெருவுல நிக்கற பிள்ளையைக் கூப்பிட்டு 'வாட் இஸ் யுவர் நேம்?'னு கேப்பாங்க. பிள்ளை பள்ளிக்கூட ராகத்துலயே 'மை நேம் இஸ்'னு ஆரம்பிச்சு பேரைச் சொல்லும். அடுத்தது 'விச் ஸ்டாண்டர்ட்?' அதுக்கும் பதில் வரும். மூணாவது கேள்வியில பிள்ளை முழிக்கும். உடனே பெத்தவங்க பக்கம் திரும்பி, 'இங்க இங்கிலீஷே சரியா சொல்லித் தர்றதில்ல போல'ன்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. பிள்ளையோட அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிடும்.

அந்தப் பிள்ளையோட பேர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பேர் வெக்கிற அன்னிக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனவங்கதான் நீங்க. தெரிஞ்ச பேரைத் திரும்பக் கேக்கறதுக்குப் பேர் பேச்சு இல்ல, பரீட்சை. லீவுல இருக்கற பிள்ளைக்கு நடுத்தெருவுல பரீட்சை வெச்சு, ஊரே பார்க்க ஃபெயில் போட்டுட்டுப் போறீங்க. இதைச் சொன்னா உங்கள்ல சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான் பத்தாவது வரைக்கும் தமிழ் வழியில படிச்சவன். திருவண்ணாமலை பக்கம் ரெண்டு ஏக்கர் கழனி, ஒண்ணரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை. நெல்லும் மல்லாட்டையும் போடறவனுக்கு ஆங்கிலத்தைப் பத்தி என்ன பேச்சுன்னு கேக்கலாம். ஆங்கிலம் தெரிஞ்சா என்ன லாபம்னு உங்களுக்குத் தெரியும். தெரியாம போனா எவ்வளவு நஷ்டம்னு எங்களுக்குத்தான் தெரியும். அதனாலதான் எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எங்க பிள்ளைங்களுக்கு ஆங்கிலம் கட்டாயம் வேணும். ஆனா பள்ளிக்கூடம் அதைப் பாராயணமா சொல்லிக் கொடுக்குது. நீங்க அதை அந்தஸ்தா வெச்சு அளக்கறீங்க. ரெண்டுக்கும் நடுவுல, ஆங்கிலம்ங்கறது வேலை செய்யற கருவின்னே எல்லாருக்கும் மறந்து போச்சு. மம்பட்டியோட பாகங்களுக்குப் பேர் சொல்லுன்னு பத்து வருஷம் ஒப்பிக்க வெச்சிட்டு, ஒரு நாள்கூட வரப்பு வெட்ட விடாத மாதிரி இருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க தெருவுல ஒரு பெரியவருக்குக் கடுதாசி ஒண்ணு வந்துச்சு. பயிர் சேதத்துக்குப் பணம் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அதுக்குப் பதில். முழுக்க ஆங்கிலம். பக்கத்து வீட்டுப் பையன் பத்தாவது, ஆங்கிலத்துல எண்பத்தெட்டு மார்க்கு வாங்கினவன். அவன் கையில கொடுத்தாங்க. திண்ணையில நின்னு, ஒரு இடத்துலயும் தடுக்காம, ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி வாசிச்சான். சுத்தி நின்னவங்க பெருமையா பார்த்தாங்க. வாசிச்சு முடிச்சதும் பெரியவர் கேட்டார்: 'சரிப்பா, இன்னா சொல்றான்? பணம் வருமா வராதா?' பையன் கடுதாசியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். 'அப்ளிகேஷன் பத்தி எழுதியிருக்கு தாத்தா'ன்னான். அவ்வளவுதான்.

மூணு வாரம் கழிச்சுத்தான் அது என் கைக்கு வந்துச்சு. பட்டாவுல இருக்கற பேரும் ஆதார்ல இருக்கற பேரும் ஒத்துப் போகல, 15 நாளைக்குள்ள சரியான ஆதாரம் கொடுக்கணும், 'ஃபெயிலிங் விச்' விண்ணப்பம் முடிஞ்சதா எடுத்துக்கப்படும்னு இருந்துச்சு. அந்தப் பையனுக்குத் தெரிஞ்ச ஃபெயில் பரீட்சையில ஆகற ஃபெயில். 'ஃபெயிலிங் விச்'னா 'அப்படிச் செய்யத் தவறினால்'னு அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. பெரியவர் ஓடிப்போய்க் கேட்டதுக்கு, 'நாங்கதான் கடிதம் அனுப்பிட்டோமே'ன்னு கையை விரிச்சுட்டாங்க. அந்தப் போகத்துக்கு வர வேண்டிய பணம் போனது போனதுதான்.

பையன் மேல எந்தத் தப்பும் இல்ல. அவனுக்குக் கொடுத்த வேலையை அவன் ஒழுங்கா செஞ்சான். வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சான். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னா நிரப்புவான். ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸா மாத்தச் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு மாத்துவான். 'ராமா கில்டு ராவணா', 'ராவணா வாஸ் கில்டு பை ராமா'. என் காலத்துலயும் இதே ராமன், இதே ராவணன். ஆனா இந்த பாசிவ் வாய்ஸ் வகுப்பைத் தாண்டி எங்க குடியிருக்குன்னு யாரும் காட்டல.

அது குடியிருக்கறது ஆபீசுல. 'யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் ரிஜெக்டட்.' உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. யாரால? அந்த 'பை' மட்டும் வராது. ராவணன் செத்துட்டான்னு தெரியும், ராமன் பேர் இருக்காது. செஞ்சவன் பேரை மறைக்க ஆங்கிலத்துல இருக்கற வசதியான இடம் இது. இதை ஒரு பிள்ளை புரிஞ்சுக்கிட்டா, ஆபீசுக்குப் போய் 'யார் நிராகரிச்சாங்க, எந்தக் காரணத்துக்கு?'ன்னு கேக்கத் தோணும். பாசிவ் வாய்ஸ் பாடத்தோட பயன் அதுதான். ரெண்டு மார்க்கு கேள்வி இல்ல.

செல்போன்ல வர்ற மெசேஜை எடுத்துக்குங்க. 'ஹேஸ் பீன் கிரெடிட்டட்'னா பணம் ஏறியாச்சு. 'வில் பி கிரெடிட்டட்'னா இனிமேத்தான் ஏறும். 'இஸ் அண்டர் ப்ராசஸ்'னா இன்னும் மேஜை மேலயே கெடக்கு. 'குட் நாட் பி கிரெடிட்டட்'னா போட்டுப் பார்த்தோம், ஏறல. 'மே பி'ன்னு வந்தா ஆனாலும் ஆகும், ஆகாமலும் போகும். கிரெடிட் உள்ள வந்தது, டெபிட் வெளிய போனது. இவ்வளவுதாங்க. ஒரு சாயங்காலம் திண்ணையில உக்காந்தா சொல்லிக் கொடுத்துடலாம். இது தெரியாததால 'வில் பி'யைப் பார்த்துட்டுப் பணம் வந்துடுச்சுன்னு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியையும் விட்டுட்டு, பேங்குல இருந்து வெறுங்கையோட திரும்பற ஆளுங்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். வகுப்புல இதே விஷயம் கட்டம் போட்ட பன்னெண்டு கால அட்டவணையா வருது. பிள்ளை அட்டவணையை ஒப்பிக்குது. தாத்தாவோட மெசேஜைப் படிச்சு 'இன்னும் ஏறல தாத்தா, இன்னிக்குப் போகாத'ன்னு சொல்லத் தெரியல.

ஒரே ஒரு சின்னச் சொல்லுல எவ்வளவு போகும்னு பாருங்க. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016ல வந்தது. அறுத்துக் கழனியில காயப் போட்ட பயிர் பருவம் தப்பின மழையில கெட்டுப் போனா, 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும்னு அதுல இருக்கு. ஆங்கிலத்துல 'வித்இன் 72 ஹவர்ஸ்'. 72ங்கற நம்பர் எல்லாருக்கும் தெரியும். 'வித்இன்'னா அதுக்குள்ள. 'ஆஃப்டர்'னா அதுக்கப்புறம். அந்த ஒரு சொல்லைத் தப்பாப் புரிஞ்சா, மூணு நாள் கழிச்சுப் போனாப் போதும்னு ஒருத்தர் வீட்டுலயே உக்காந்திருப்பார். பள்ளிக்கூடத்துல இதுக்குப் பேர் ப்ரிபொசிஷன். 'தி கேட் இஸ் ஆன் தி டேபிள்'னு பூனையை மேஜை மேலயும் கீழயும் மாத்தி மாத்தி உக்கார வெச்சே வருஷம் ஓடிப்போயிடும். எங்க வீடுகள்ல மேஜையே கெடையாது.

பூச்சி மருந்து டப்பாவைப் பாருங்க. சாய்சதுரம் ஒண்ணு போட்டு, அதுல பாதிக்கு நிறம் அடிச்சிருக்கும். சிவப்புன்னா கடும் விஷம். அடுத்தது மஞ்சள். இந்த ரெண்டுலயும் 'பாய்சன்'னு போட்டிருக்கும். நீலத்துல 'டேஞ்சர்', பச்சையில 'காஷன்'. பச்சையைப் பார்த்துட்டு 'இது ஒண்ணும் பண்ணாது, இலை மருந்து மாதிரி'ன்னு சட்டையைக் கழட்டிட்டு அடிக்கறவங்க உண்டு. காஷன்னா 'பார்த்து நடந்துக்கோ'ன்னு அர்த்தம். 'பயம் இல்ல'ன்னு அர்த்தம் இல்ல. உள்ள இருக்கற சீட்டு வட்டார மொழியிலயும் இருக்கணும்னு 1971ஆம் வருஷத்துப் பூச்சிமருந்து விதியிலயே இருக்கு. இருக்கும், ஆனா எறும்பு வரிசை மாதிரி எழுத்துல. என் வயசுக் கண்ணுக்கு அது மொழியே இல்ல, கோடு.

அதுல இருக்கற ஆங்கிலம் எல்லாம் ஆங்கிலத்துலயே சுலபமான இலக்கணம். கட்டளை வாக்கியம். 'ஷேக் வெல்.' 'கீப் அவே ஃப்ரம் சில்ட்ரன்.' 'டூ நாட் ஸ்ப்ரே அகெய்ன்ஸ்ட் தி விண்ட்.' வெறும் வினைச்சொல் முன்னாடி நின்னா 'செய்'. அதுக்கு முன்னாடி 'டூ நாட்' நின்னா 'செய்யாதே'. நம்ம ஊர் நாலாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிஷத்துல புரிஞ்சுக்கும். அந்தப் பாடத்துக்கு ஒரு காலி டப்பாவோட படம் போதும். காத்துக்கு எதிரா மருந்து அடிக்காதன்னு அந்தப் பிள்ளை அப்பனுக்குச் சொல்லிட்டா, அது ஒரு உசுரு சம்பந்தப்பட்ட ஆங்கிலம்.

'அப்போ கிராமர் வேண்டாமா?'ன்னு கேப்பீங்க. நான் அப்படிச் சொல்லல. இலக்கணம் இல்லாம மொழி ஏது. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிஞ்ச இலக்கணத்துல இருந்து ஆரம்பிங்கன்னு சொல்றேன். அஞ்சு வயசுப் பிள்ளையோட நாக்குல தமிழ் இலக்கணம் முழுசா இருக்கு. அதுக்குப் பேர் வெக்கத்தான் தெரியாது. அந்தச் சொத்தை வகுப்புக்கு வெளிய கழட்டி வெச்சிட்டு வரச் சொல்றோம். அதுதான் அநியாயம்.

நாலு உதாரணம் சொல்றேன். 'கீரி பாம்பைக் கடிச்சுது', 'பாம்பைக் கீரி கடிச்சுது'. எப்படி மாத்திப் போட்டாலும் செத்தது பாம்புதான். 'பாம்பை'யில இருக்கற 'ஐ' காட்டிக் கொடுத்துடும். ஆங்கிலத்துல அந்த 'ஐ' கெடையாது. இடம்தான் ஆளைக் காட்டும். மாத்திப் போட்டா பாம்பு பிழைச்சுக்கும், கீரி செத்துடும். அதனால ஆங்கிலத்துல செய்யறவன் முன்னாடி, செயல் நடுவுல, படறவன் பின்னாடி. தமிழ்ல 'வீட்டுல', 'கத்தியால', 'ஊருக்கு'ன்னு உருபு வால் மாதிரி பின்னாடி ஒட்டும். ஆங்கிலத்துல 'இன்', 'வித்', 'டு'ன்னு முன்னாடி தனியா நடக்கும். இப்படிச் சொன்னா வேற்றுமையும் புரியும், ப்ரிபொசிஷனும் புரியும்.

ரெண்டாவது, 'எனக்கு'. எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு வேணும், எனக்கு ரெண்டு மாடு இருக்கு. தமிழ்ல எல்லாம் 'எனக்கு'. ஆங்கிலத்துல எல்லாம் 'ஐ'. ஐ ஆம் ஹங்ரி, ஐ நோ, ஐ வான்ட், ஐ ஹேவ் டூ கௌஸ். 'டு மீ'ன்னு ஆரம்பிச்சுத் திணறுற பிள்ளைக்கு இந்த ஒரு வரியைச் சொன்னா நூறு வாக்கியம் திறந்துக்கும். எந்த வாத்தியாரும் எனக்கு இதைச் சொன்னதில்ல. நானா கண்டுபிடிக்க நாப்பது வயசாச்சு.

மூணாவது, கேள்வி. தமிழ்ல கேள்வி கேக்கறது ரொம்ப சுலபம். கடைசியில ஒரு 'ஆ' போட்டா முடிஞ்சுது. பஸ் போச்சு, பஸ் போச்சா? ஆங்கிலத்துல அதுக்கு ஒரு ஆளை முன்னாடி அனுப்பணும். 'டிட் தி பஸ் கோ?' நடந்து முடிஞ்ச காலத்தை 'டிட்' தலையில தூக்கிக்கிட்டா, வினைச்சொல் வெறுங்கையோட 'கோ'ன்னு நடக்கும். சுமையை ரெண்டு பேரும் தூக்க மாட்டாங்க. அதனாலதான் 'டிட் தி பஸ் வென்ட்' தப்பு. இப்படிச் சொன்னா மறக்குமா?

நாலாவது, மரியாதை. இதைப் பத்தி யாரும் பேசறதில்ல. தமிழ்ல நீ வேற, நீங்க வேற. ஆங்கிலத்துல எல்லாரும் 'யூ'. ஊர்ப் பிள்ளைக்குப் பெரியவரைப் பார்த்து 'யூ'ன்னு சொல்ல நாக்கு வராது. ஏதோ 'நீ'ன்னு கூப்பிடற மாதிரி உறுத்தும். அதனால வாயை மூடிக்கும். நீங்க அதை ஆங்கிலம் வரலைன்னு எடுத்துக்கறீங்க. அது பிள்ளைக்கு இருக்கற மரியாதை. ஆங்கிலத்துல மரியாதை அந்தச் சொல்லுல இல்ல, வாக்கியம் முழுக்கப் பரவியிருக்கு, 'குட் யூ ப்ளீஸ்', 'மே ஐ'னு ஆரம்பிச்சா 'வாங்க, சொல்லுங்க'ன்னு அர்த்தம்னு சொல்லிக் கொடுங்க. தயக்கம் போயிடும்.

'எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்'னு எங்க ஆளுங்க சொன்னா நீங்க சிரிக்கறீங்க. சினிமாவுலயும் இதை வெச்சு நிறைய சிரிச்சாச்சு. 'நேத்துதான் வந்தேன்'ங்கற 'தான்'க்கு ஆங்கிலத்துல ஆள் தேடி, 'ஒன்லி'யைக் கொண்டு வந்து, தமிழ்ல எங்க ஒட்டணுமோ அங்கயே ஒட்டியிருக்கான். மூளை ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு அடையாளம் அது. 'ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே'ன்னு இடத்தை மட்டும் மாத்திக் கொடுத்தா முடிஞ்சுது. அதைச் செய்யற ஆள் குறைவு. சிரிக்கற ஆள்தான் அதிகம்.

மொழி எப்படி வரும்னு பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். இப்போ எங்க பக்கத்து அரிசி மில்லுலயும் கட்டட வேலையிலயும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவுல இருந்து வந்த பசங்க இருக்காங்க. வந்த புதுசுல ஒரு சொல் தெரியாது. நாலஞ்சு மாசத்துல 'அண்ணா, தண்ணி குடு', 'நாளைக்கு லீவு வேணும்', 'கூலி கம்மி'ன்னு பேசறான். எந்தத் தமிழ் இலக்கணப் புத்தகத்தைப் படிச்சான்? 'அக்கா வந்தான்'னு சொன்னா டீக்கடையில சிரிப்போம். ஆனா சிரிச்சுக்கிட்டே டீயைக் கொடுத்துடறோம். தப்பாப் பேசினாலும் காரியம் நடக்குது, அதனால மறுபடியும் பேசறான். திருவண்ணாமலையில ரமணாசிரமம் பக்கம் போய்ப் பாருங்க. ஆட்டோக்காரங்களும் பூக்கட்டற அம்மாக்களும் வெளிநாட்டுக்காரங்ககிட்ட தைரியமா பேசறாங்க. 'யூ கோ டெம்பிள், ஐ வெயிட் ஹியர், ஃபைவ் ஓ கிளாக்.' அதுல இலக்கணம் ஓட்டை. ஆனா அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் சரியா ஒரே இடத்துல நிக்கறாங்க.

நம்ம பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கெடையாது. அவன் தப்பா ஒரு வாக்கியம் பேசினா வகுப்புல மார்க்கு போகுது, தெருவுல மானம் போகுது. மாடு சேத்துல ஒரு தடவை சறுக்கினதுக்கு நாலு அடி போட்டா, அடுத்த நாள் சேத்துலயே கால் வைக்காது. பத்து வருஷம் இப்படி அடி வாங்கின பிள்ளை இன்ஜினியரிங் முடிச்சுட்டு உங்க ஆபீசுக்கு வந்து இன்டர்வியூல வாயைத் திறக்காம உக்காந்திருக்கான். அவனுக்கு மெஷின் தெரியும், கணக்குத் தெரியும். 'கம்யூனிகேஷன் பத்தாது'ன்னு திருப்பி அனுப்பறீங்க. கிராமத்துல இருந்து போன உங்கள்ல பல பேர் இதே நாற்காலியில உக்காந்து வேர்த்துப் போனவங்கதான். மேல ஏறினதும் ஏணியை மறந்துடறீங்க.

இதுக்குள்ள ரெண்டு வியாபாரம் வேற. ஒண்ணு, சுவர் பூரா '30 நாளில் ஆங்கிலம்'னு போஸ்டர். முப்பது நாள்ல மல்லாட்டைகூட காய் வைக்காது. அங்க போன பசங்க தன்னைப் பத்திப் பத்து வரி மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. 'மைசெல்ஃப்'னு ஆரம்பிச்சு 'தேங்க் யூ'ல முடியும். நடுவுல யாராவது ஒரு கேள்வி கேட்டா வண்டி நின்னுடும். இன்னொண்ணு, ஆங்கில வழியில சேர்த்தா ஆங்கிலம் வந்துடும்ங்கற நம்பிக்கை. 2012-13ல இருந்து அரசுப் பள்ளியிலயும் ஆங்கில வழிப் பிரிவு வந்துச்சு. ஒளிச்சேர்க்கைன்னு சொன்னா, இலை வெயில்ல சமைக்குதுன்னு புரிஞ்சுக்கற விவசாயி வீட்டுப் பிள்ளை, 'ஃபோட்டோசிந்தசிஸ்'னு எழுத்துக்கூட்டி மனப்பாடம் பண்ணிட்டு இருக்கு. அறிவியலும் போச்சு, ஆங்கிலமும் வரல. ஆங்கிலத்தை நல்லா சொல்லிக் கொடுக்கறது வேற, எல்லாத்தையும் ஆங்கிலத்துல சொல்லிக் கொடுக்கறது வேற. இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல வேண்டியவங்க படிச்ச நீங்கதான். நீங்களே பெத்தவங்களைப் பார்த்து 'இங்கிலீஷ் மீடியத்துல போடலையா?'ன்னு கேட்டா, அவங்க கம்மலை அடகு வெச்சாவது கொண்டு போய்ச் சேர்ப்பாங்க.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். பிள்ளைங்க ஆங்கிலம் கத்துக்கிட்டா ஆபீசுங்க பொறுப்புல இருந்து கழண்டுக்கலாம்னு நினைக்க வேண்டாம். இந்த மாநிலத்துல தமிழ்தான் ஆட்சிமொழின்னு 1956லயே சட்டம் போட்டாச்சு. பேங்குல சாதாரண ஜனங்களுக்குக் கொடுக்கற பாரம் எல்லாம் வட்டார மொழியிலயும் இருக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. எழுபது வயசுப் பெரியவருக்கு 'ஃபெயிலிங் விச்'னு கடுதாசி போட்டது அந்த ஆபீசோட தப்பு. பெரியவர் தப்பும் இல்ல, பையன் தப்பும் இல்ல. தமிழ்ல கொடுன்னு கேக்கறது எங்க உரிமை. ஆங்கிலத்துல வந்தாலும் ஏமாறாம இருக்கறது எங்க தேவை. ரெண்டும் வேணும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைத் தள்ளாதீங்க.

இனிமே ஊருக்கு வந்தா என்ன செய்யலாம்னு சொல்றேன். காசு கொடுக்க வேண்டாம், நோட்டுப் புத்தகம் வாங்கித் தர வேண்டாம். அரை மணி நேரம் உக்காருங்க. முதல்ல நீங்க கேள்வி கேக்காதீங்க, பிள்ளையை உங்ககிட்ட கேக்க விடுங்க. உங்க பஸ் எத்தனை மணிக்கு, உங்க வீட்டுல மாடு இருக்கா, லிஃப்ட் நடுவுல நின்னா என்ன பண்ணுவீங்க, எது வேணும்னாலும். பதில் சொல்லத் தெரிஞ்ச பிள்ளை நிறைய இருக்கு. ஆங்கிலத்துல கேள்வி கேக்கத் தெரிஞ்ச பிள்ளைதான் இல்ல. ஆபீசுல போய் நிக்கறப்போ கேள்விதான் வேணும்.

பிள்ளை தப்பா சொன்னா நடுவுல வெட்டாதீங்க. 'எஸ்டர்டே ஐ கோ டு ஃபீல்டு'ன்னு சொன்னா, 'தப்பு'ன்னு சொல்லாம, 'ஓ, யூ வென்ட் டு தி ஃபீல்டு? ஹூ கேம் வித் யூ?'ன்னு பேச்சை வளர்த்துங்க. சரியான சொல் காதுல விழுந்துடும். மானமும் போகாது. 'எ'வும் 'தி'யும் குழப்பினா, 'ஒரு மாடு வந்துச்சு, அந்த மாடு கதிரை மேஞ்சுது'ன்னு ஒரு கதை சொல்லுங்க. முதல்ல 'ஒரு', தெரிஞ்ச பிறகு 'அந்த'. முக்கால்வாசி அதுலயே சரியாயிடும்.

அப்புறம் வீட்டுல இருக்கற நிஜமான ஒரு தாளை எடுங்க. விதைப் பாக்கெட், உர மூட்டை, பேங்க் மெசேஜ், மாத்திரை அட்டை, இன்சூரன்ஸ் சீட்டு. 'வாசி'ன்னு சொல்லாதீங்க. 'இது என்ன செய்யச் சொல்லுது? எப்போ செய்யணும்? செய்யாம விட்டா என்ன ஆகும்?'னு இந்த மூணை மட்டும் கேளுங்க. தமிழ்ல சொன்னாப் போதும். இந்த மூணுக்கும் பதில் சொல்ற பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும். அதை எண்பத்தெட்டு மார்க்கு வாங்காத பிள்ளையும் சொல்லும், நான் பார்த்திருக்கேன்.

எங்க தெருவுல அந்தக் கடுதாசி வாசிச்ச பையன் இப்போ பன்னெண்டாவது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திண்ணையில அவனும் இன்னும் நாலஞ்சு பிள்ளைங்களும் உக்காந்து, தெருவுல வந்த மெசேஜையும் சீட்டையும் பிரிச்சுப் பார்க்கறாங்க. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன். தெரியாத இடத்துல எல்லாரும் சேர்ந்து நின்னுடறோம். அந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன். வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினா, அர்த்தம் சொல்லி ஒரு நிமிஷம் பேசி அனுப்ப ஒரு ஆள் போதும். ஊர்ல இருந்து போன ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தெருவுக்கு இதைச் செஞ்சா, பதினஞ்சு நாள் கெடு தெரியாம இனி ஒரு கடுதாசியும் பரண்ல கெடக்காது.